பஸ்ரியனின் வில்லுக்கத்தி

இந்த முறை நான் வாங்கும் கத்தி என் சட்டைப்பையிலேயே வாழ்ந்து என் சட்டைப்பையிலேயே சாகும் என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். மனைவி அன்ரோனெற் அடுத்த அறையில் இருந்தாள்.

என்னுடைய பழைய கத்திகளின் சரித்திரம் சுருக்கமானது. நான் வாங்குவேன். அன்ரோனெற் இரவல் கேட்பாள். ஒன்று நண்டுக்கால் உடைக்கப் போய் முனை முறிந்தது. ஒன்று குழாய் அடைப்பை எடுக்கப் போய், அடைப்போடு தானும் உள்ளே போய்விட்டது. இன்னொன்றால் கிணற்றடியில் பாரை மீன் வெட்டி, கழுவாமல் விட்டாள். மிச்ச வேலையைப் பள்ளிமுனை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது.

நான் ஐஸ் தொழிற்சாலைக் கந்தோரில் எழுதுவினைஞன். சாக்குக்கட்டு அறுக்க, பென்சில் சீவ, மத்தியானம் ஒரு மாங்காய் வெட்ட எனக்கு ஒரு கத்தி தேவை. ஆனால் விசயம் அதுவல்ல. வீடு அவளுடைய சீதனம். மேசை கதிரைகளும் அப்படியே. அலுமாரியில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு, அதில் பாதி அவளுடைய மேசைவிரிப்புகள். உலகத்தில் எனக்கே எனக்கென்று ஒரு பொருள் வேண்டும். கைக்குள் அடங்குகிற அளவென்றாலும் போதும்.

கடைத்தெருவில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கும் யாகப்பரிடம் போனேன்.

"அண்ணை, ஒரு வில்லுக்கத்தி. விலை குறைய வேணும், சாமான் நல்லா இருக்கவேணும்."

"இந்த ரெண்டையும் ஒண்டாக் கேட்டுத்தான் தம்பி எல்லாரும் வருகினம்."

ஆனாலும் ஒரு பெட்டியை எடுத்து மேசையில் கொட்டினார். "மினுக்கத்தைப் பாராதை. இந்த ஊரில கத்தியைக் கொல்லுறது வேலை இல்லை, உப்பு. துருப்பிடிக்காத உருக்குக் கத்தியா எடு. விரிச்சிட்டு முதுகில அமத்திப் பார். பூட்டு விட்டுக் குடுத்தால் உன்ர விரல்தான் போகும். பிறகு அலகை ஆட்டிப் பார். பிடியோட ஒட்டி நிக்கவேணும்."

"நீளம்?"

"உள்ளங்கை அளவு. கூடினால் பொலிசு கேள்வி கேக்கும். குறைஞ்சால் மாங்காய் சிரிக்கும்."

கறுப்புப் பிடி போட்ட ஒன்று எல்லாப் பரீட்சையிலும் தேறியது. விரித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். மரியாதையான சத்தம். கையை நீட்டினேன். யாகப்பர் கத்தியை மேசையில் வைத்தார்.

"கையில தாறேல்லை தம்பி. கத்தியைக் கையில குடுத்தால் சண்டை வரும். நீயே எடு."

"நான் கலியாணம் கட்டினவன் அண்ணை. எனக்குப் புதுசா என்ன வரப்போகுது."

வீட்டுக்கு நடந்தேன். கார்த்திகை மாதம். சோளகக் காற்று நின்று வாடைக்காற்று இன்னும் எழும்பாத இடைநாட்கள். கடல் சலனமில்லாமல், தகரத்தை விரித்தது போலக் கிடந்தது. பெருக்கமரத்தடியில் கழுதைகள் கூட்டமாக நின்றன. ஒன்றும் மேயவில்லை. எல்லாம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றன. அங்கே ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன். முதுகு குளிர்ந்தது.

அந்தக் குளிரில்தான் யோசனை வந்தது.

வீட்டில் கத்தியை மேசையில் வைத்தேன். அவள் கண் உடனே அதற்குப் போனது.

"புதுசோ? நல்லாயிருக்கு. விளமீன் கிடக்கு, ஒருக்கா..."

"தொடாதை, அன்ரோனெற்." குரலை இறக்கினேன். "இது கடையில வாங்கினதில்லை. சங்கு குளிக்கப் போன ஒருத்தன்ர கத்தி. அவன் மேல வரேல்லை. பிறகு போனவன், அடியில மணலுக்குள்ள இது விரிஞ்சபடி குத்திக்கொண்டு நிண்டதைக் கண்டு எடுத்தவனாம். இது ஒரு ஆளின்ர கைக்குத்தான் அடங்கும். இப்ப என்ர கை. வேற ஆர் தொட்டாலும் கடல் அந்த ஆளைத் தேடி வரும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே மேளம் அடித்தது.

"இரும்பில ஆவி அண்டாதெண்டெல்லோ சொல்லுறவை?"

"இது சாதாரண இரும்பில்லை. துருப்பிடிக்காதது. ஆவிக்கு வசதி."

"அந்த மனிசன்ர பேர் என்ன?"

இதற்கு நான் ஆயத்தமில்லை. "பஸ்ரியன்" என்றேன்.

"எந்த ஊர்?"

"பேசாலை."

"பாவம்" என்றாள். அவ்வளவுதான். பழைய வளைந்த கத்தியாலேயே விளமீனை வெட்டினாள். அன்று நான் தலையணையில் தலை வைத்தபோது கத்தி என் சட்டைப்பையில் இருந்தது. என்னுடைய கத்தி.

அடுத்த நாள் மாலைச் செபமாலையில் வழக்கமான ஆத்துமாக்களோடு புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். "கடலில் இறந்த பஸ்ரியனின் ஆத்துமாவுக்காக" என்றாள் அன்ரோனெற், கண்ணை மூடிக்கொண்டு. நான் "ஆமென்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியாது. என் வாயால் ஒரு மனிதனை உண்டாக்கி, கொன்று, அவனுக்கு ஆமெனும் சொல்லியாயிற்று.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஒரு காலை, கத்தி மேசையில் விரிந்து கிடந்தது. நான் மடித்துத்தான் பையில் வைத்தேன். அலகு கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"நீ எடுத்தனியோ?"

"நீங்கள்தானே தொடவேண்டாமெண்டு சொன்னனீங்கள். எனக்கென்ன விசரோ?"

இன்னொரு நாள் கந்தோரில் சாக்குக்கட்டு அறுக்கக் கத்தியை எடுத்தேன். ஈரமாக இருந்தது. விரித்தேன். மடிப்புக்குள்ளிருந்து வெள்ளை மணல் பொலபொலவென்று கணக்குப் புத்தகத்தில் விழுந்தது. கூடவே கடற்பாசிபோல ஒரு இழை சாதாளை. பச்சை வாடவில்லை. நண்பகல் வெயில் சன்னலில் எரிந்துகொண்டிருந்தது. ஐஸ் அறைக் கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் என் பற்கள் ஒன்றோடொன்று தட்டின.

கதையைக் கட்டியது நான். அதை நான் அறிவேன். ஆனால் இந்தக் கரையில் ஒரு சங்கடம் உண்டு. கடலில் போனவனுக்கு என்ன பெயரைக் கற்பனை செய்தாலும் அந்தப் பெயரில் ஒருவன் உண்மையிலேயே போயிருப்பான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே ஆள் இருக்கும். இதை நான் வாய் திறக்க முன்னர் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு படலையடியில் ஒரு கழுதை வந்து நிற்கத் தொடங்கியது. மழை இல்லை. அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என்னையே பார்த்தது.

"உந்தக் கழுதை ஏன் என்னைப் பாக்குது?" என்றேன்.

"பழக்கமான ஆளெண்டு நினைச்சிருக்கும்" என்றாள் அன்ரோனெற்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை. பங்குச் சுவாமி பீடத்திலிருந்து பெயர்களை வாசித்தார். தெரிந்த பெயர்கள், ஊரில் செத்தவர்கள். நான் நிம்மதியாக முழங்காலில் நின்றேன். அப்போது சுவாமி வாசித்தார்: "பேசாலை பஸ்ரியன். கடலில் இறந்தவர்."

கோயில் முழுவதும் "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்றது. ஒரே குரலாக. என் பின்னால் யாரோ ஒரு பெண் விம்மினாள்.

"நீயோ பேர் குடுத்தனி?" என்று அன்ரோனெற்றிடம் கிசுகிசுத்தேன்.

"பின்னை? ஆத்துமா எங்கட வீட்டில நிக்க, நாங்கள் சும்மா இருக்கலாமோ?"

பூசை முடிந்து வெளியே வந்தோம். மணற்பரப்பில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் எங்களை மறித்தாள். கண் சிவந்திருந்தது.

"பஸ்ரியனுக்குப் பூசை குடுத்தது நீங்களோ? நான் எடித். பேசாலை. அவன்ர அக்கா."

என் காலுக்குக் கீழே மணல் இறங்கியது. அன்ரோனெற் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தி உங்களிட்டையோ இருக்கு?" என்றாள் எடித். "கறுப்புப் பிடி. விரிக்கேக்க 'டக்'கெண்டு ஒரு சத்தம் கேக்கும்."

நான் தலையசைத்தேன் என்று நினைக்கிறேன். "தாறன். கொண்டு போங்கோ" என்று வாய் சொன்னது.

"எனக்கு வேண்டாம். அது கை மாறாது." அவள் கடல் பக்கம் திரும்பினாள். காற்றே இல்லை, ஆனால் முக்காட்டின் நுனி அசைந்தது. "அவன் இருக்குமட்டும் எங்கட வீட்டில பொம்பிளையள் மீன் வெட்டினதில்லை. கடலால வந்து, இருந்து, எல்லாத்தையும் தானே வெட்டிக் கழுவிக் குடுத்திட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பான். அந்தக் கத்திக்கு அந்த வேலைதான் பழக்கம். சும்மா பையுக்குள்ள வைச்சிருந்தால் அது தேடும்."

"எதைத் தேடும்?"

"ஆளை" என்றாள் எடித்.

நேரே வீட்டுக்கு நடந்தோம். வந்ததும் கத்தியை எடுத்து அன்ரோனெற்றுக்கு முன்னால் வைத்தேன். சபதம் எங்கே போனதென்று தெரியாது.

"நீயே வைச்சுக்கொள். குசினியில வைச்சு மீன் வெட்டு. பஸ்ரியன் ஆறட்டும்."

"ஐயோ, எனக்குப் பயமப்பா. வேற ஆள் தொட்டால் கடல் தேடி வருமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். உங்கட கைக்குத்தான் அடங்குமாம்."

"அப்ப?"

அவள் சுளகில் இருந்த சூடை மீனை மெதுவாகப் பார்த்தாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி, கிணற்றடியில் குந்துகிறேன். செதில் உரிக்கிறேன், செவுளில் பூ எடுக்கிறேன், துண்டு போடுகிறேன். பிறகுதான் தேநீர். அன்ரோனெற் கதிரையைக் கிணற்றடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, "அந்தப் பஸ்ரியனும் இப்பிடித்தான் வெட்டியிருப்பான், பாவம்" என்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும். நான் மீன் வெட்டத் தொடங்கிய நாளோடு மணல் நின்றது, ஈரம் நின்றது. கழுதையையும் காணவில்லை. சொன்ன சொல் தவறாத ஆவி.

கத்தி மழுங்கியது. சாணைக்கல் வாங்க யாகப்பரிடம் போனேன்.

"அதுக்குள்ளயோ? மாங்காய்தானே வெட்டுறனெண்டனி?"

"தினமும் மீன் அண்ணை." எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. எடித்தைப் பற்றிச் சொன்னேன், அவளுடைய தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

யாகப்பர் சாணைக்கல்லைக் கீழே வைத்தார். "எந்த எடித்? தபசுகாலத்தில நடக்கிற யேசுவின்ர பாடுகளின் நாடகத்தில வியாகுலமாதாவா வந்து அழுகிற எடித்தோ?"

"நாடகமோ?"

"அவ அழுதால் சுவாமியே கண் துடைப்பார். ஆனா அவவுக்கேது தம்பி? வீட்டுக்கு ஒரே பிள்ளை. உன்ர மனிசியும் அவவும் கொன்வென்ரில ஒண்டாப் படிச்சதுகள், உனக்குத் தெரியாதோ?"

வீட்டுக்கு எப்படி வந்தேனென்று தெரியாது. வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். இன்றைக்கு அவள் தப்ப முடியாது. படலையைத் தள்ளினேன். அவள் கிணற்றடியில் கதிரையில் இருந்தாள். வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது. சுளகில் மீன் காத்திருந்தது.

"அன்ரோனெற், எடித்துக்குத் தம்பியே இல்லையாம்."

அவள் திடுக்கிடவில்லை. சேலைத் தலைப்பால் ஈயைக் கலைத்தாள். "ஓமோ? அப்ப அந்தக் கத்தி ஆரின்ர?"

வாயைத் திறந்தேன்.

"சொல்லுங்கோ. கடையில வாங்கினதோ? அப்பிடியெண்டால் சுவாமியிட்டப் போய்ச் சொல்லவேணும், பிறக்காத ஒருத்தனுக்குப் பூசை வைச்சிட்டாரெண்டு. கோயில் சனமெல்லாம் அவனுக்கு இளைப்பாற்றி கேட்டது. பொய் சொல்லி வைச்ச பூசையெண்டால் ஆருக்குப் பாவமோ தெரியேல்லை. வாங்கோ, ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்."

கடலில் எங்கோ ஒரு எஞ்சின் அடித்து நின்றது. நான் சட்டையைக் கழற்றினேன்.

"பஸ்ரியன்ரதான்" என்றேன். "வேற ஆரோ பஸ்ரியனா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்றாள், கணவாய்ச் சட்டியையும் என் பக்கம் தள்ளியபடி.