நெட் சாமியின் திருஷ்டி பூஜை

இன்டர்நெட்டில் மானம் போனவர்களே, ஓடி வாருங்கள்! மும்பை தாராவி தொண்ணூறடி ரோட்டில் சாமி இறங்கிவிட்டது!

போலிக் கணக்கா? பூசணிக்காய் சுற்றினால் மறைந்துவிடும். எவனோ உங்கள் படத்தை வெட்டி ஒட்டிப் பரப்பினானா? மிளகாய் வற்றலில் பொசுங்கிவிடும். இப்படி அருள்வாக்கு அருளியவர் சுடலைக்கண்ணன். போன வருஷம் வரை மொபைல் கவர் விற்றவர், இப்போது ‘நெட் சாமி’. அடேயப்பா, வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது! செம்பூரிலிருந்து டாக்ஸியில் வருகிறார்களாம்.

பூஜை எளிது. பிறந்த தேதியைச் சொல்லி, போனைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். சாமி அதோடு திரைக்குப் பின்னால் போவார். மணிச் சத்தம் கேட்கும். திரும்பி வந்து உங்கள் வண்டவாளத்தையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மாட்டுங்கா பஞ்சு மாமாவும் போனை வைத்தார். “நான் பாங்க்ல இருந்து ரிடையர் ஆனவன். பின் நம்பரை யாருக்கும் சொல்லாதேள்னு ஊருக்கே சொன்னவன். ஆனா இது தெய்வ காரியமோன்னோ!” என்றார். பாவம், படித்தவர்.

அன்று பேராச்சியும் மகள் கலைச்செல்வியைக் கூட்டி வந்தாள். கலைச்செல்வியின் பெயரில், அவள் படத்தையே வைத்து, எவனோ கணக்குத் தொடங்கி அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தான். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பேராச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

“எம்மா, போலீஸ்ல எழுதிக் குடுப்போம்.”

“ஊரு சிரிக்கவா? சாமி காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிருவாருட்டி!”

காதும் காதுமாம்! அந்தச் சாமி குறி சொல்வதே மைக்கில்தான்.

கலைச்செல்வியின் போன் உள்ளே போனது. மணி அடித்தது. சாமி ஆடிக்கொண்டே வெளியே வந்தார்.

“ஏ தாயி! மகேஷ்குமார்னு ஒருத்தன்! ‘சாப்டியா தங்கம், சீக்கிரம் வீட்டுக்கு வா’ன்னு தெனமும் உருகுதான்! இந்தப் பழியே அவனாலதான்!”

“அய்யய்யோ!” என்றது கூட்டம். பேராச்சி மாரில் அடித்துக்கொண்டாள். “எவன்ட்டி அவன்? குடியக் கெடுத்திட்டியே!”

“இரும்மா, பேசிப் பாப்போம்.” கலைச்செல்வி தாம்பாளத்திலிருந்து போனை எடுத்து, எல்லோரும் பார்க்க மகேஷ்குமாரை அழைத்தாள்.

பேராச்சியின் இடுப்பில் போன் அலறியது.

கூட்டம் வாயைப் பிளந்தது.

“எம்மா, நேத்துதான் என் போன்ல உன் பேரை அழிச்சிட்டு மகேஷ்குமார்னு போட்டேன். பிறந்த தேதியையே போனுக்குப் பூட்டா வச்சேன். இங்க வாற பாதிப் பேர் அப்படித்தான் வச்சிருக்காங்க. இவர் பூட்டைத் திறந்து உன் மெசேஜைப் படிச்சிருக்காரு. நிஜ சாமின்னா அது நீதான்னு தெரிஞ்சிருக்காதா?”

“அது... மாயை...” என்று இழுத்தார் சாமி.

“எலே நாசமாப் போறவனே! பெத்தவளையே கள்ளப் புருசனாக்கிட்டியேல!” பேராச்சி கையில் அகப்பட்டது திருஷ்டிப் பூசணிக்காய். மாயை சாமியின் மண்டையில் உடைந்தது.

“பகவானே, என் பாங்க் ஆப்!” என்று தாம்பாளத்தின் மேல் விழுந்தார் பஞ்சு மாமா.

தாயும் மகளும் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். புகார் எழுதினார்கள். தோழிகள் எல்லோரும் அந்தக் கணக்கு போலி என்று நெட்டிலேயே அந்தக் கம்பெனிக்குப் புகார் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தைக் கலைச்செல்வியே சொன்னாள். “எங்க பிள்ளைக்கும் இப்படி ஆச்சும்மா” என்றாள் மாமியார். தை பிறக்குமுன் கணக்கும் ஒழிந்தது.

வரிசையில் நின்ற மற்றவர்கள்? செம்பூரில் வேறு சாமி இருக்கிறாரா என்று விசாரிக்கிறார்களாம். போங்கள் ஐயா, தாராளமாகப் போங்கள்! எல்லாம் தெரிந்த சாமிக்கு என் போன் எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அறிவு வந்து தொலைக்கும்!