மொட்டைச் சாட்சி

வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி வாய்தா கேட்காத வக்கீல்கள் உலகத்தில் இருவரே. ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. மற்றவர் சித்தூர் ஜெபசிங்.

"வாய்தா கேக்கறது வக்கீல் வேலையே இல்ல, டெபோரா. ஓடற பஸ்ஸுக்குக் கை காட்டற வேலை" என்று ஜூனியரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அன்றைய சாட்சி கங்கையா திருப்பதியில் இருப்பது தெரிந்தது.

வழக்கு பொன்னியம்மாவுடையது. கங்காதர நெல்லூரில் அவர் நிலத்துக்குப் போகிற வழியைப் பக்கத்து நிலத்துப் பாலையா முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். இருபது வருட சர்வீசில் ஜெபசிங் ஃபீஸ் வாங்காமல் நடத்தும் முதல் வழக்கு. அது காலங்காலமாக நடந்த வழி என்று சொல்லக் கங்கையா ஒருவர்தான் சாட்சி. இன்றும் அவர் வராவிட்டால் தள்ளுபடி என்று நீதிபதி அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஜெபசிங் தன் காரையே அனுப்பினார். மதியம் கங்கையா வந்து இறங்கினார், வழுவழு மொட்டையும் சந்தனமுமாக.

"வேண்டுதல் சார்."

எதிர்த்தரப்பு வக்கீல் வெங்கட் ஆதார் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதுல பரட்டைத் தலை, கடா மீசை. இவர்தான் கங்கையான்னு என்ன நிச்சயம்?"

"ஊர்க்காரங்க சொல்லட்டும்!" என்றார் ஜெபசிங்.

அதே காரில் வந்த இருவர் முன்னால் வந்தார்கள். இருவரும் மொட்டை.

"முதல்ல இவங்க யாருன்னு சொல்லுங்க" என்றார் வெங்கட்.

ஜெபசிங் அசரவில்லை. "என் கட்சிக்காரரே அடையாளம் காட்டுவார்!"

பொன்னியம்மா முக்காட்டை விலக்கினார். அவரும் மொட்டை.

வெங்கட் வெற்றிச் சிரிப்போடு தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பாலையா தயங்கித் தயங்கி மங்கி குல்லாயைக் கழற்றினார். அங்கே சந்தனம் இன்னும் காயவில்லை.

நீதிபதி வழக்குக் கட்டுக்குள் முகம் புதைத்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

ஜெபசிங் தொண்டையைச் செருமினார். "ஒரு... வாய்தா, மேடம்."

"காரணம்?"

"முடி வளரணும், மேடம்." தன் காதுக்கே கேட்காத குரலில் சொன்னார்.

வெளியே வந்ததும் பொன்னியம்மாமீது பாய்ந்தார். "எதிராளியோட சேர்ந்து மொட்டை போட்டுக்கினு வர்றியே, நாளைக்கு நிலத்துக்கு எப்படிம்மா போவ?"

"வேலியத்தான் போன மாசமே அவரு பிடுங்கிட்டாரே சார். சண்ட தீர்ந்தா மொட்டன்னு ஊரே வேண்டிக்கினு இருந்தோம்."

"அப்புறம் கேஸு எதுக்கு?"

பொன்னியம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பாலையாதான் ஜெபசிங்கின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

"ஃபீசே வாங்காம வாதாடறீங்க... வேற கேஸே கெடைக்கல போலருக்குது, பாவம், நாமளாச்சும் இத நடத்திக்கினு போவோம்னு ஊர்ல பேசி முடிவு பண்ணோம் சார்."