வண்டிக்கு வாத்தியார் எழுதிய ஏழு கோளாறு

வண்டியை விற்றுவிடலாம் என்று மனைவி சொன்ன நாளிலிருந்து டிராயிங் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருஷத்துக் கார். சீட்டில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட மனுஷன் இன்னும் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்து, மிச்ச நேரமெல்லாம் துடைப்பார். மழை வந்தால் வண்டி கூரைக்குள்ளே, வாத்தியார் குடைக்குள்ளே. மனைவி லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. சாவி கேட்டால் ஒரே பதில்தான்: கிளட்ச் உனக்குப் பிடிபடாதும்மா.

"சும்மா நிக்கிற வண்டி எதுக்குங்க? விளம்பரம் போட்டாச்சு," என்று முடித்துவிட்டாள்.

மறுத்தால் வாக்குவாதம். அதில் அவர் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. அதனால் தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் ஒரு திட்டம் போட்டார். ஊரெல்லாம் ஓட்டை வண்டியை நல்ல வண்டி என்று தள்ளிவிடும். நம்மவர் நல்ல வண்டியை ஓட்டை என்று சொல்லக் கிளம்பினார்.

முதலில் வந்த தபால் ஆபீஸ் குமாஸ்தா பானெட்டைத் திறந்து பார்த்து, எஞ்சினில் முகம் பார்க்கலாம் போலிருக்கே என்று வாயைப் பிளந்தார். மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து வாத்தியார், பிரேக் சில நாள் பிடிக்கும், சில நாள் யோசிக்கும் என்று காதோடு ஓதினார். குமாஸ்தா தண்ணீருக்குக்கூட நிற்கவில்லை. அடுத்து வந்த தம்பதியிடம் கியர் தானாக நழுவும் என்றார். அவர்களும் நழுவினார்கள். அன்று முழுக்க வண்டியைத் தடவித் தடவி மன்னிப்புக் கேட்டார், பாவம்.

மூன்றாவதாக, மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தாள். எதையும் திறந்து பார்க்கவில்லை. தனக்கு ஞாபக மறதி, கோளாறு இருந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். வாத்தியார் குஷியாக ஏழு கோளாறு எழுதி, வரைந்த படத்துக்குக் கீழே போடுகிற பழக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையாலும் கெட்டார்.

சாயங்காலம் அந்தத் தாள் மனைவியின் கையில் இருந்தது.

"பிரேக்கே பிடிக்காதாமே. இத வெளியாளுக்கு விக்கிறது பாவங்க."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதத்தாம்மா நானும் நெனச்சேன்."

"யாராவது இத உங்ககிட்டேர்ந்து கேட்டு வாங்கிட்டா, நாளைக்கு உங்க பேருதான் கெடும். என் பேருக்கு மாத்திடுங்க. நல்லதோ கெட்டதோ நான் பாத்துக்கறேன். வண்டி வீட்டுலயே கெடக்கட்டும்."

வீட்டிலேயே கிடக்கட்டும் என்ற ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. மறுபேச்சில்லாமல் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டார்.

வண்டி பெயர் மாறி வந்த மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால் பிளாஸ்டிக் உறைகள் குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன. ஸ்டியரிங் முன்னால் மனைவி. வாத்தியார் பதறி ஓடி, இறங்கும்மா, பிரேக் என்று ஆரம்பித்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. நீங்க இப்படித்தான் உளறுவீங்கன்னு தெரிஞ்சுதான் விளம்பரமே போட்டேன். நர்ஸம்மாவ அனுப்பினதும் நான்தான். எட்டு வருஷம் கேட்டுப் பாத்தேன், சாவி வரல."

வாத்தியார் வாசல் ஓரமாக ஒதுங்கினார். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பி, அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க. போற வழியில பஸ் ஸ்டாப்புல எறக்கி விடறேன்."