உருளானந்தர் கேட்ட ஓங்காரம்

ஐப்பசி பிறந்துவிட்டது. ஆடியில் புழுதியாய்ப் பறந்து, ஆவணியில் வெடித்து, புரட்டாசி முழுதும் வானை நோக்கி வாய் திறந்து கிடந்த கரிசல் மண், முதல் மழையைப் பருகிவிட்டு மெல்லக் கண்மூடிக் கிடந்தது. கண்மாய்களில் முழங்காலளவு நீர். கரையோரத்துக் கருவேலங்களில் மஞ்சள் பூக்கள் நனைந்து தொங்கின. அருப்புக்கோட்டை தொடங்கித் திருச்சுழி வரை நிலமெல்லாம், நீறணிந்து தியானத்தில் அமர்ந்த அடியவரைப் போல் வாய் பேசாதிருந்தது.

நிலம்தான் பேசாதிருந்தது. மக்கள் டயர்களைத் தலையில் சுமந்துகொண்டு பந்தல்குடிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்!

ஏனெனில் அங்கே, புளியமரத்தடிக் கொட்டகையில், உருளானந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். வேதத்தையும் ஆகமத்தையும் கேட்காத அவர் திருச்செவி, டயரை மட்டும் கேட்கும். லாரி டயர், மாட்டுவண்டி டயர், சைக்கிள் டயர், எதுவானாலும் சரி. கண்ணை மூடிக் காதை வைப்பார். "உள்ளே பேய் அழுகிறது" என்பார். கூட்டம் நடுங்கும். திரைக்குப் பின்னே டயர் போகும், மணி ஒலிக்கும், புகை கிளம்பும், கரிய மை பூசிய டயர் வெளியே வரும். போனபோது கொழுத்திருந்த டயர் வரும்போது மெலிந்திருக்கும்.

"இளைச்சுப் போச்சே சாமி?" என்று மிளகாய் வியாபாரி மாரிக்கனி ஒருமுறை கேட்டுவிட்டாள். அவளுடைய மாட்டுவண்டிக்கு அப்போதுதான் புது டயர் போட்டிருந்தது.

"பேய் இறங்கினால் உடம்பு மெலியாதா, பெண்ணே?"

ஆகா! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இந்தப் புகழ் அப்பய்யாவின் செவியிலும் விழுந்தது. பத்துத் தறிகளுக்கு உடையவர். சௌடேஸ்வரி அம்மனின் பக்தர். அவர் வாங்கியிருந்த சிவப்பு ஹெரால்டு கார், உருவில் சிறுத்தை, பாய்ச்சலிலும் சிறுத்தை. ஆனால் விருதுநகரில் புது டயர் போட்ட நாள் முதல் தார்ச்சாலையில் "ஙொய்ய்" என்று ஓயாமல் ஒரு முனகல். பிறர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அப்பய்யாவோ நெசவாளி. தறியின் ஓசை இம்மி மாறினாலும் அடுத்த தெருவில் நின்றே, "பாவில இழை அத்துப்போச்சு" என்று சொல்பவர். ஓசை மாறினால் எங்கோ ஏதோ அறுந்துவிட்டது என்பதே அவர் அறிந்த நியதி.

அறுந்துவிடக் கூடாத ஒன்று அவர் வீட்டில் இருந்தது. மகள் நாகமணிக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, பிரசவம் மதுரையில்தான், வண்டி குலுங்காமல் வர வேண்டும் என்று டாக்டரம்மாள் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

உருளானந்தர் ஹெரால்டின் டயர்களில் காது வைத்தார். "நான்கிலும் நான்கு பேய்! ஒரு வெள்ளிக்கு இரண்டுதான் ஓட்டுவோம். முதலில் பின்னிரண்டு."

பேய்களுக்கும் முறைவைத்துச் சீட்டுக் கொடுத்த பேரருளாளர்!

பூசை முடிந்ததும் வண்டி மிதந்தது, உண்மையாகவே மிதந்தது! பின்னிருக்கையில் நாகமணியை அமர்த்தி, பாலவனத்தம் வரை வெள்ளோட்டம் போனார்கள். பள்ளம் தெரியவில்லை, முனகலும் பாதி அடங்கிவிட்டது. அப்பய்யா ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

திரும்பும்போது தூறல் விழுந்தது. கண்மாய் வளைவில் டிரைவர் சோலைச்சாமி பிரேக்கை மிதிக்க, வண்டியின் பின்புறம் தனியே புறப்பட்டு, கரையின் விளிம்பில் போய் நின்றது. நாகமணி வயிற்றை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

"சாமி தாண்டவம் ஆடிக் காமிக்காரு, தாயி" என்றான் சோலைச்சாமி.

"ஆடுனது சாமியா, டயரா?" என்றாள் நாகமணி. "எறங்கிப் பாருங்கண்ணே. பின் டயரு ரெண்டும் சப்பிப்போய்க் கெடக்கு."

ஊருக்கு வந்ததும் காற்று அடிக்கச் சொன்னாள். அடித்தார்கள். மிதப்பு போய்விட்டது, பள்ளமெல்லாம் பழையபடி இடுப்பில் இடித்தது.

"சாமியோட அருளு ஒரு பம்புக் காத்துல ஓடிப்போச்சா? காத்தை எறக்குனா எந்த டயரும் மெத்தைதான்!"

"தெய்வ நிந்தனை பண்ணாதே" என்று அப்பய்யா காதைப் பொத்தினார்.

"தெய்வத்தைச் சொல்லலப்பா. தெய்வத்துப் பேரைச் சொல்லி நம்ம டயரை இளைக்க வச்சவரைச் சொல்றேன்."

அடுத்த வெள்ளிக்கு முன், தந்தை அறியாமல், சோலைச்சாமியிடம் ஒரு வேலை சொன்னாள். பேய் ஓட்டிய பின்னிரண்டை முன்னால் மாட்ட வேண்டும். பேய் பிடித்த முன்னிரண்டைப் பின்னால் மாட்ட வேண்டும். நான்கிலும் ஒரே அளவு காற்று.

"சபிச்சுப்புட்டாருன்னா, தாயி?"

"அந்தச் சாபம் எனக்கு வரட்டும். போற வழியில கரிசக்காட்டுல ஒரு சுத்து விட்டு எடுத்துட்டுப் போங்க. மெதுவாப் போங்க."

அவள் மட்டும் கொட்டகைக்குப் பஸ்ஸில் வந்தாள். அந்த டயரை நம்பி ஏறுவதற்கு அவளுக்கென்ன பைத்தியமா?

கரிசல் சேறு அப்பி, நான்கு டயரும் நான்கு களிமண் உருண்டைகளாய் வந்து நின்றன. உருளானந்தர் முன்சக்கரத்தில் காது வைத்தார். துள்ளி எழுந்தார்.

"ஐயோ! அழுகிறது! பிரசவத்தைக் கெடுக்க வந்த மோகினி!"

கூட்டம் பின்வாங்கியது. "அப்ப பின் டயரு, சாமி?" என்றாள் நாகமணி, மிகப் பணிவாக.

பின்னால் காது வைத்தார். முகம் மலர்ந்தது. "ஓம்... ஓம்... கேட்கிறதா? ஓங்காரம்! நாம் தூய்மை செய்தது அல்லவா!"

"சோலைச்சாமியண்ணே, எதை எங்க மாட்டுனீக? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

சோலைச்சாமி சக்கரங்களைத் தொட்டுக் காட்டினான். "சாமி ஓட்டுனது முன்னாடி இருக்கு. பேயி பின்னாடி இருக்கு."

கூட்டமெல்லாம் கழுத்தை நீட்டிச் சக்கரங்களை எட்டிப் பார்த்தது.

"பேய் இடம் மாறிவிட்டது!" என்று உருளானந்தர் முழங்கினார்.

"பேயி மாறலாம் சாமி. டயரு மாறுமா?" நாகமணி ஒரு குடம் நீரை முன்சக்கரத்தில் ஊற்றினாள். சேறு போயிற்று, மையும் போயிற்று. தேய்ந்து வழுக்கையான ரப்பருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய் நூல்!

அப்பய்யா குனிந்தார். விரலால் தடவினார். வாழ்நாளெல்லாம் தொட்ட பொருளை அவர் விரல் அறியாதா? "ஏலே... பாவு நூலு தெரியுதுலே!" என்று அலறினார். "என் மகளை இந்த நூலு மேலயா மதுரைக்கு அனுப்ப இருந்தேன்?"

கூட்டத்தில் நின்ற மாரிக்கனி அதற்குள் திரையைக் கிழித்துவிட்டாள். உள்ளே, கூரை முட்ட அடுக்கிய புத்தம்புது டயர்கள். வெளியூர்ச் சந்தைக்குப் புறப்படக் காத்திருந்த பேய்கள்!

"அடப்பாவி! இந்தா இருக்கு என் வண்டி டயரு! எருமை முட்டுன வடுகூட அப்படியே இருக்கே!"

உருளானந்தர் ஓடினார். சாலையில் ஓடியிருந்தால் தப்பியிருப்பார்; உழுத கரிசலில் இறங்கினார். அடிக்கு அடி சேறு ஏறியது. ஒரு காலில் பூசணிக்காய், மறுகாலில் தர்பூசணி! நடுக்காட்டில் நட்ட சிலையாக நின்றுவிட்டார். "பாத பூசை பண்ண வாரோம் சாமி!" என்று கூவிக்கொண்டு மாரிக்கனி விளக்குமாற்றோடு போனாள். பூசை முடிந்தபின் போலீசார் வந்து பிரசாதத்தைப் பெற்றுச் சென்றனர்.

முனகிய பேய் எது? சேற்றைப் பற்றுவதற்காகக் கட்டை கட்டையாய்ப் பிளந்த டயர் அது. தாரில் உருண்டால் ஓசை எழுப்பத்தான் செய்யும். மதுரைக்குப் புறப்படும் முன் நாகமணியே, நெடுக வரியோடிய புது டயர்களைத் தடவிப் பார்த்து எடுத்தாள். அளவான காற்று, அளவான வேகம். வண்டி முனகவில்லை, மழையில் வழுக்கவும் இல்லை. பேரன் மதுரையில் நலமாகப் பிறந்தான்.

ஐயன்மீர்! ஆண்டவன் உங்களுக்குக் காதைக் கொடுத்தான், கண்ணைக் கொடுத்தான், அவற்றுக்கு மேலே அறிவையும் கொடுத்தான். அதைக் கண்டவன் தட்டில் காணிக்கையாகப் போட்டுவிட்டு, வெறுந்தலையோடு வீடு திரும்பாதீர்கள்!

தை பிறந்ததும் அவர்கள் திருச்சுழிக் கோயிலுக்குப் போனார்கள். நாகமணி குழந்தையைத் தந்தையின் மடியில் கிடத்திவிட்டு, சந்நிதிப் படியில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தாள். ஒன்றும் வேண்டவில்லை. நெடுநேரம் கைகூப்பி நின்றாள்.

மழை வழங்குக; கரிசல் விளைக; வழிச்செல்வோர் எல்லாம் நலமே வீடு சேர்க; ஆராயும் நெஞ்சில் அருள் என்றும் நிலைபெறுக.