சிறுமூளையும் ஒரு சஹன் சோறும்

‘வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு சஹனில் கால் வைத்தேன்.’ என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை பெய்தால்கூட ஆங்கிலத் திகதி, ஹிஜ்ரித் திகதி இரண்டும் எழுதுகிறவன், அன்று கிழமையோடு நிறுத்திக்கொண்டேன். (களைப்பு.)

அந்த வாரம் சிறுமூளையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். பிடரிப் பக்கம், பெருமூளைக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் உறுப்பு. இரண்டு பாதிகள், நடுவே புழுவைப் போல ஓர் இணைப்பு. கை எங்கே நிற்க வேண்டும், கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று அளந்து திருத்துவது அதன் வேலை. அது பழுதானால், சும்மா கிடக்கும்போது நடுங்காத கை, ஒரு பொருளை எட்டும்போது நடுங்கும். இவ்வளவு தெரிந்ததும் பாதி வைத்தியராகிவிட்டேன்.

மகள் ஷிபாவின் கலியாணப் பேச்சை முடிக்கச் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டு விரிப்பின் நடுவே இறங்கியது. மாப்பிள்ளையின் வாப்பா இஸ்மாயில் ஹாஜியார் தண்ணீர்க் கோப்பைக்குக் கை நீட்டினார். கோப்பையை நெருங்க நெருங்கக் கை நடுங்கியது.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

“ஹாஜியார், ஒருக்கா விரலால மூக்கத் தொடுங்க பாப்பம்.”

தொட்டார், பாவம்.

“மறுகா எழும்பி, ஒரு காலுக்கு நேர் முன்னால மத்தக் கால வெச்சு நடங்க.”

பிஸ்மி சொல்லிச் சோற்றுக்கு நீண்ட கைகள் அப்படியே நின்றன. ஹாஜியாரின் தம்பி தன் அண்ணனிடம் கேட்டார்: “காக்கா, இது பொலிஸ்காரன் ரோட்டில நிப்பாட்டிச் செய்ற வேலையெல்லா?”

ஹாஜியாரின் முகம் மாறியது. “அஞ்சு வக்துத் தொழுற நான் குடிச்சிருக்கன் எண்டா சொல்றீங்க?” எழும்பவே தொடங்கிவிட்டார்.

பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி, “அல்லாஹ்வே! இந்த மனுசன்ட வாய ஆராவது பொத்துங்களன்!” என்றாள். ஷிபா அழுவதும் கேட்டது.

“இல்ல ஹாஜியார், இது சிறுமூளைக்கு. நானே நடந்து காட்டுறன்.”

விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தேன். விரிப்பின் மடிப்பு தடுக்கியது. வலது கால் கணுக்கால்வரை புரியாணிக்குள் இறங்கியது. (சூடாகத்தான் இருந்தது.)

எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். பிறகு ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். “இப்ப சொல்லுங்க, குடிச்சது ஆரு?” திரைப் பக்கம் திரும்பி, “அழாத மகள். வேறொரு சஹன் கொண்டு வரச் சொல்லு. சாப்பிட்டுட்டு கலியாணத்துக்கு நாள் வெப்பம்,” என்றார்.

கலியாணம் நடந்தது. இன்றும் இரு வீட்டிலும் சஹன் வைத்தால், “முதல்ல வாப்பாட காலப் புடிங்க” என்று ஒரு குரல் வரும். நானும் சிரிக்கிறேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக.

அன்று ஹாஜியாரின் கை நடுங்கியது சிறுமூளையாலா, பசியாலா, நான் உற்றுப் பார்த்ததாலா? கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. உறுதி செய்யப்படாத தகவல்.