குசினிக்குள் ஒளித்த சைக்கிள்

பேய்க்காட்டுவது என்றால் ஒருவரை ஏமாற்றிப் பேயனாக்கித் தன் காரியத்தைச் சாதிப்பது. வன்னியில் இந்தச் சொல்லைக் கண்டபாட்டுக்கு எல்லோர் தலையிலும் கட்டிவிடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அது என் தலையில் விழுந்தது. அது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொருளாதாரத் தடையால் புதுக்குடியிருப்புக் கடைகளில் பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் ரேடியோ கேட்போம். மாப்பிள்ளையின் தகப்பன் செய்திப் பைத்தியம் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்குப் பெருமை காட்டும் ஆசை வந்துவிட்டது. சைக்கிளைக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒளித்து, வயரைச் சுவர் ஓட்டையால் விட்டு, ரேடியோவை மட்டும் முன் அறையில் வைத்தார். அவர் வந்தவர்களோடு கதைக்க வேண்டும். அம்மாவுக்குத் தோள் நோவு. சுற்றுவதற்கு மிச்சம் நான்தான். (அவர்கள் பார்க்க வருவதே என்னைத்தான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.)

செய்தி தொடங்கியது. புதுச் சேலையோடு குந்தியிருந்து சுற்றினேன். பவுடர் கரைந்து கழுத்தால் ஓடியது.

“பற்றரி எங்கை எடுத்தனீங்கள்?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் விசாரிப்பது கேட்டது.

“எங்களுக்கு வரும்,” என்றார் அப்பா, ஏதோ வயலில் விளைவது போல.

“பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்,” என்றார் மாப்பிள்ளையின் தாயார். தேத்தண்ணீர்த் தட்டோடு போனேன். ரேடியோ செத்தது. திரும்பி ஓடிவந்து சுற்றினேன், உயிர் வந்தது. “இன்னொருக்கா வரட்டும், வடிவாப் பாக்கேல்லை,” என்றார் தாயார். போனேன். மறுபடியும் செத்தது.

தாயார் எழும்பி நேரே குசினிக்குள் வந்தார். சைக்கிளைப் பார்த்தார். கிறீஸ் அப்பிய என் கையைப் பார்த்தார்.

“பேய்க்காட்டுற குடும்பம். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. “மாமி, பற்றரி இருக்கெண்டு அப்பா சொன்னது பொய்தான். ஆனா பேய்க்காட்டினா உங்களுக்கு ஏதும் நட்டம் வந்திருக்க வேணும். ஓசியிலை செய்தி கேட்டனீங்கள். என்ரை கைதான் நோகுது.”

மாப்பிள்ளை குனிந்த தலையோடு வாசல் படலையடிக்குப் போய்விட்டார். தகப்பன் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை.

“மண்ணெண்ணெய் உள்ளுக்கு விடுறாங்களோ எண்டு இப்பத்தான் சொல்லப் போறான். அதை மட்டும் கேட்டிட்டுப் போறன். ஒருக்காச் சுத்தம்மா.”

என்னை வேண்டாம் என்றவர்களுக்கு என் கையாலேயே செய்தி. சரியென்று சுற்றினேன். “வன்னிக்கு மண்ணெண்ணெய் அனுப்புவது தொடர்பாக...” என்று அறிவிப்பாளர் தொடங்கிய இடத்தில் கையை எடுத்தேன்.

“பிள்ளை, அந்த ஒரு வசனம்...”

“பற்றரி வாங்கிக் கேளுங்கோ,” என்றேன்.

அப்பாவுக்குக் கன நாள் என்மேல் கோபம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேய்க்காட்டி என்ற பெயர் ஊரில் எனக்கு நிலைத்துவிட்டது, அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்படவில்லை. பிறகு வேறொருவரைக் கட்டினேன். அவர் கதிரையில் இருந்தபடி, “தேத்தண்ணி கொண்டு வா,” என்று அதிகாரம் பண்ணினால், நான் வாய் திறக்குமுன் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்: “அப்பா, பற்றரி வாங்குங்கோ.”

அவர் எழும்பிக் குசினிக்குப் போவார்.