இரத்தப்புழுவும் எங்கள் தெரு அகராதியும்

அகராதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று அலமாரியில் இருப்பது. யாராவது எடுத்துப் புரட்டும்வரை வாயைத் திறக்காது. தெரியாத சொல் என்றால் பேசாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். மற்றது இரண்டு காலில் நடப்பது. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி. ரயில் பெட்டியில், விடுதிக் கூடத்தில், எல்லைச் சாவடி வரிசையில் என்று போன நாடெல்லாம் பார்த்துவிட்டேன். காக்கை மாதிரி, இது இல்லாத இடமே கிடையாது. நிறம் மாறும், உடை மாறும். "ஓ, இதுவா?" என்ற அந்த ஆரம்பம் மட்டும் எந்த மொழியிலும் மாறாது.

நீங்கள் ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்று வையுங்கள். பெயர் தெரியாத ஒரு விதை, கழுத்தில் திடீரென்று கிளம்பிய ஒரு தடிப்பு, கார் எஞ்சினுக்குள் கேட்கும் ஒரு முனகல், எதுவாகவும் இருக்கட்டும். அகராதி அறையின் அந்தக் கோடியில் இருந்தபடியே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார் (பார்ப்பதற்கென்று வாங்கிய கண்ணாடியை, பார்க்கும்போது மட்டும் கழற்றிவிடுவார்), கிட்டே வரமாட்டார், குனியமாட்டார், எங்கே கிடைத்தது, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார், ஏனென்றால் கேட்டுவிட்டால் அதுவரை தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா, நேராகப் பெயரைச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான். பொருள் செத்தது. உங்களுக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் தெரு அகராதிக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர் வேலை. என் அக்கா வீட்டுக்குப் பின்பக்க மதிலைத் தாண்டினால் அவர் வீடு. அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் எலும்பைப் பார்ப்பாள். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் வாயால் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. ஆகவே பார்ப்பதும் வாயை மூடிக்கொள்வதும் அவளுக்குப் பழகிப்போன விஷயம். அடுப்படிக்குப் பின்னால் அவளே தோண்டி, அவளே கல் அடுக்கி, ஒரு குட்டிக் குளம் வைத்திருந்தாள். சில அல்லி, விரல் நீள மீன்கள், எங்கிருந்தோ தானாக வந்து குடியேறிய தவளைகள். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் கரையில் போய் உட்காருவாள். அந்த முகத்தை வீட்டுக்குள் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் அத்தான் குளத்தில் விழுந்த இலைகளை வாரும்போது, சேற்றோடு சேர்ந்து நூல் போல் சிவப்பாகச் சில புழுக்கள் வந்தன. எட்டுப் போட்டு நெளிந்தன. மனிதர் சும்மா இருந்திருக்கலாம். போனில் படம் எடுத்து, தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்ன?" என்று கேட்டார். பட்டினி கிடந்த புலி முன்னால் போய் மணி என்ன என்று கேட்ட மாதிரி.

பதில் உடனே வந்தது. "ஓ, இதுவா? இரத்தப்புழு."

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன்: பெயர் சரி. பின்னால் நாங்களும் தெரிந்துகொண்டோம், சேற்றில் வளரும் ஒரு வகை ஈயின் இளம்புழு அது, நிறம் இரத்தச் சிவப்பு, அதனால் அந்தப் பெயர். அகராதி அங்கே நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் மூன்றாம் வீட்டுத் தையல்காரம்மா, அது என்ன சார் செய்யும் என்று கேட்டுவிட்டார். தெரியாது என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவர் எழுதினார்: "அதான் பேர்லயே இருக்கே."

சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்குக் கெண்டைக்கால் அரித்தது. தையல்காரம்மாவின் கணவர் தூங்கி எழுந்ததும் தலை சுற்றியதாகச் சொன்னார். இரத்தம் குறைந்திருக்கும் என்றார்கள். மறுநாள் ஒரு கூட்டமே அக்கா வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றது, குளத்திலிருந்து தள்ளி, செருப்புக் காலோடு. அகராதி நடுவில். இரத்தம் குடிக்கும் புழு மண்ணுக்குள்ளேயே அடுத்த வீட்டுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றுவது ஒன்றுதான் வழியாம்.

அக்கா ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் புழுக்களை எடுத்து வந்து நீட்டினாள். "கொஞ்சம் கிட்டப் பாருங்க சார். இதுக்கு உறிஞ்சுற வாயே இருக்கற மாதிரி தெரியல."

"நான் பாக்காததாம்மா?" என்று அவர் மதில்மேல் இருந்த பூனையைப் பார்த்தபடி சொன்னார்.

அப்படியானால் இது என்ன என்று கூட்டத்தில் ஒருவர் அவளைக் கேட்டார். அக்கா, "எனக்குத் தெரியாதுங்க. வளரட்டும், என்னவா வருதுன்னு பாத்துட்டு சொல்றேன்" என்றாள். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அது. அத்தோடு அவள் தோற்றாள். தெரியாது என்று சொன்னவளை எல்லோரும் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் கெஞ்சியதால் மட்டும், புழு வளரும்வரை தவணை கொடுத்தார்கள்.

அடியில் கொஞ்சம் சேறும் தண்ணீருமாக ஒரு பெரிய, வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் புழுக்கள் அடுப்படி ஜன்னலில் இருந்தன. பாட்டிலின் வாயில் அக்கா வலைத்துணி கட்டியிருந்தாள். ஒரு நாள் காலையில் வலைக்கு அடியில் மெல்லிய சிறகோடு சில உயிர்கள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உலகத்தில் உண்மைக்கு இருக்கும் கெட்ட பழக்கம் இதுதான், வெளியே வரும்போது சில சமயம் பொய்யின் ஜாடையோடு வந்துவிடும். அந்த ஈக்கள் பார்ப்பதற்கு அச்சாகக் கொசு மாதிரியே இருந்தன.

கூட்டம் மறுபடி பின்பக்கம் கூடியது. அகராதியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரத்தப்புழு என்றவர் கொசு என்று மாறியதை யாரும் கவனிக்கவில்லை. "கொசு! அப்பவே சொன்னேன்ல, இரத்தம் குடிக்கும்னு" என்றார். அக்கா வலையை விலக்கி, கையை முழங்கைவரை பாட்டிலுக்குள் விட்டு, எல்லோர் முன்னாலும் நின்றாள். ஈக்கள் அவள் தோலில் உட்கார்ந்தன, நடந்தன, எழுந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கையை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். தழும்பு இல்லை, தடிப்பு இல்லை.

தெரு மொத்தமும் அகராதியைப் பார்த்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது."

"எல்லாமேவா சார்?"

"இந்த வகையில அப்படித்தாம்மா."

இதற்கு மேல் ஒரு மனுஷி எந்தக் கையை எந்தப் பாட்டிலுக்குள் விடுவாள்?

மறுநாள் அக்கா வேலைக்குப் போனதும் மண்ணெண்ணெய்க் கேனோடு வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டது அத்தான். நாளைக்கும் இதே தெருவில்தானே இருக்கணும் என்று என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அக்கா திரும்பி வந்தபோது மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. தவளைகள் இருந்த இடம் தெரியவில்லை. சேற்றின் அடியில் இருந்த இரத்தப்புழுக்கள் மட்டும், மேலே வந்து மூச்சுவிட வேண்டிய தேவை இல்லாத பிறவிகள், பாதிக்கு மேல் பிழைத்துக் கிடந்தன. அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தானோடு அவள் பேச வெகுநாள் ஆயிற்று.

மழை வந்தது, எண்ணெய் வடிந்தது, குளம் நிரம்பியது. இப்போது அதில் கொசுவைத் தின்பதற்கு மீன் இல்லை, தவளை இல்லை. ஆகவே நிஜக் கொசு வந்து நிம்மதியாகக் குடும்பம் நடத்தியது. தெரு முழுக்கக் கடித்தது. இந்த முறை அரிப்பு கற்பனை இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அகராதி தலைமறைவானாரா? தெருமுனையில் நின்று, காலைத் தட்டிக்கொண்டே, "கொசுன்னு சொன்னப்ப யாராவது நம்புனீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தையல்காரம்மா தன் கணவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளை இப்போது அவரிடம்தான் காட்டுகிறார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பாதி படிக்கும்போதே, "இது எங்கள் அலுவலகத்து ஆள்தான்", "அப்படியே என் பெரியப்பா" என்று மனசுக்குள் ஒருவருக்குச் சீட்டு ஒட்டினீர்களே, எதை வைத்து ஒட்டினீர்கள்? நான் எழுதிய இரண்டு பக்கத்தை வைத்துத்தானே? அந்த மனிதரிடம் இதுவரை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், வீட்டில் மண்ணெண்ணெய் இருந்தால் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.